'கடலை' என்று மட்டும் அச்சிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததிலிருந்து தங்கள் ஞாயிறு இணைப்பில் பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கான பலகாரக் குறிப்புகள் தொடர்ந்து வருகின்றன. பிஸ்கட் பாக்கெட்டை விட்டு வீட்டுப் பலகாரத்துக்குத் திரும்பச் சொல்லும் நல்ல முயற்சி. ஆனால் அக்குறிப்புகளில் 'கடலை கால் கப்', 'பொரிக்க எண்ணெய்' என்று மட்டும் இருப்பதைப் பார்க்கும்போது, உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளையின் வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்ற கவலை எழுகிறது. எந்தக் கடலை? எந்த எண்ணெய்?

நம் மொழியில் கடலை என்ற ஒரே சொல் இரண்டு செடிகளுக்கு வழங்குகிறது. கடலை மாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை ஆகிய மூன்றும் கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலை. அதையே ஊருக்கு ஊர் நிலக்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிறோம். வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு இந்தச் சொல் குழப்பமே ஆபத்தாக முடியலாம். இன்னொரு பக்கம், பொட்டுக்கடலையும் கடலைதானே என்று பயந்து, ஒத்துக்கொள்ளும் நல்ல உணவையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. இரண்டும் பயறு இனம் என்பதால் சில பிள்ளைகளுக்கு இரண்டுமே சேராமல் போகலாம். அதை அலர்ஜி மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். வீட்டில் கொடுத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடாது.

வேர்க்கடலையை நீக்கினால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு, நம் சமையலறையில் அது எந்த வழியாகவெல்லாம் திரும்ப வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கடையில் பொட்டுக்கடலை, பொரி, வேர்க்கடலை மூன்றையும் ஒரே மணலில் வறுப்பது வழக்கமாக இருக்கிறது. நம் எதிரிலேயே வேர்க்கடலை வறுபடும் கடையில் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்க வேண்டாம். செக்கிலும் இதே கதைதான்: காலையில் எள், மதியம் வேர்க்கடலை, மாலையில் தேங்காய் என்று ஒரே செக்கில் ஆட்டினால் தேங்காய் எண்ணெயில் மற்ற இரண்டும் கலந்திருக்கும். நன்றாகச் சுத்திகரித்த ரீஃபைண்ட் எண்ணெயில் கடலைப் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கு எண்ணெயில் இருக்கும். மற்றவர்களுக்கு நல்லதென்று நாம் தேடி வாங்கும் அதே செக்கு எண்ணெய் இந்தப் பிள்ளைக்கு ஆகாது.

மாவு மில்லை மறந்துவிடக் கூடாது. கோதுமை ஒவ்வாத பிள்ளைக்காக ராகி அரைக்கக் கொடுக்கிறோம். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். கல்லிலும் குழாயிலும் ஒட்டியிருந்த மாவு நம் பாத்திரத்தில் விழும். மில்லில் அரைத்தே ஆக வேண்டுமானால் மெஷினைத் துடைத்துத் தரச் சொல்லி, ஒரு கிலோ பச்சரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைப் பிள்ளைக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்துவிட வேண்டும். இதனால் கலப்பு குறையும், முற்றிலும் நீங்காது. அலர்ஜி கடுமையாக இருந்தால் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே சரி. அந்த மிக்ஸி ஜாரும் தனியாக இருக்கட்டும். வேர்க்கடலைச் சட்னி அரைத்த ஜாரை எவ்வளவு தேய்த்தாலும் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வாஷருக்குள்ளும் விழுது தங்கிவிடுகிறது.

பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பல பாட்டிமாருக்கு இன்னும் புதுச் செய்தி. அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டப் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாக்கள் இருப்பதால், கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு என்ன தருவது என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது அவசியம். நெய்யிலும் பால் புரதம் சிறிது இருக்கும். பால் அலர்ஜி வேறு, பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு. அலர்ஜி என்றால் நெய், மோர், பால்கோவா எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். ஆட்டுப்பாலும் மாற்றாகாது, அதன் புரதம் பசும்பாலின் புரதத்தைப் பெரிதும் ஒத்தது. முந்திரி ஒவ்வாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒவ்வாது. தேங்காய் அந்தக் குடும்பமே அல்ல. அதற்கு அலர்ஜி வருவது அபூர்வம்.

பெரிய பொறி சத்துமாவுதான். கடையில் வாங்கினாலும் பக்கத்து வீட்டில் அரைத்துக் கொடுத்தாலும் அதில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம், கோதுமை, சோயா எல்லாம் சேர்ந்திருக்கும். 'தானியம்தானே' என்று அதில் உருண்டை பிடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இனிப் பலகாரத்துக்கு வருகிறேன். ஒரு பொருளை நீக்கும்போது அது அந்தப் பலகாரத்தில் என்ன வேலை செய்தது என்று பார்த்து, அதே வேலையைச் செய்யும் வேறொன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை உதிரும், முறுக்கு கல்லாகும், பிள்ளை டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் கை போகும்.

கேழ்வரகு அடையை வெல்லத்தோடு இடித்துப் பிடிக்கும் சிமிளி உருண்டையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிமிளியில் வேர்க்கடலையும் எள்ளும் கட்டாயம். ருசிக்கு மட்டுமல்ல, இடிபடும்போது அவை விடும் எண்ணெய்தான் உருண்டையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலையைக் கொப்பரை செய்யும். ராகி மாவு 1 கப், உப்பு ஒரு சிட்டிகை, கொதிக்கக் காய்ந்த தண்ணீர் சுமார் அரை கப் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் கனமான அடையாகத் தட்டுங்கள். தோசைக்கல்லில் மிதமான தீயில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பக்கத்துக்கு 4 நிமிடம். நடுவில் கிள்ளிப் பார்த்தால் பச்சை வாசனை இருக்கக் கூடாது. அரைவேக்காடாக இருந்தால் உருண்டை பசைபோல் வாயில் ஒட்டும், வயிறும் வலிக்கும். துருவிய கொப்பரை மூன்றில் ஒரு பங்கு கப் எடுத்துப் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் எண்ணெய் கசியும் வரை சுற்றுங்கள். அடையை வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிய்த்துப் போட்டு உதிர்த்து, பொடித்த வெல்லம் அரை கப், ஏலக்காய் சேர்த்து விட்டுவிட்டு மூன்று சுற்று. எலுமிச்சை அளவில் 10 அல்லது 12 உருண்டை வரும். பிடிபடவில்லையென்றால் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் விடுங்கள். தண்ணீர் தெளிக்கக் கூடாது. தெளித்தால் உருண்டை சீக்கிரம் கெட்டுவிடும். பச்சைத் தேங்காயும் அதே காரணத்தால் வேண்டாம். சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே வேர்த்து நசநசக்கும், ஆறவிட்டே மூடுங்கள். அடையில் ஈரம் உள்ளதால் அன்றன்றைக்குத்தான்; மறுநாளுக்கு வைக்க முடியாது.

ஒரு வாரம் டப்பாவில் நிற்கும் பலகாரம் வேண்டுமென்றால் தேன்குழல். எள், வெண்ணெய், பெருங்காயம் மூன்றும் இல்லாமலே நன்றாக வரும். பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து நிழலில் துணிமேல் உலர்த்தி, கையில் பிடித்தால் லேசான ஈரம் தெரியும்போது அரைத்துச் சலித்து, வெறும் சட்டியில் ஆவி அடங்கும் வரை வறுத்த மாவு 2 கப். உளுந்தை வாசனை வரும் வரை மட்டும் வறுத்து நைசாக அரைத்துச் சலித்த மாவு அரை கப். உளுந்து சிவந்துவிட்டால் முறுக்கும் சிவக்கும். சீரகம் 1 டீஸ்பூன், உப்பு. குறிப்புகளில் வெண்ணெய் 2 மேசைக்கரண்டி என்றிருந்தால், அதற்குப் பதில் நன்றாகச் சூடாக்கிய தேங்காய் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். வெண்ணெயில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, எண்ணெயில் அது கிடையாது. அளவு கூடினால் பிழிந்த முறுக்கு சட்டியில் பிரிந்து கரையும். குறைந்தால் கடிக்க முடியாது. எண்ணெயை மாவில் பரவலாகத் தேய்த்து, ஒரு பிடி பிடித்துப் பாருங்கள்: பிடித்த வடிவில் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைக்காதீர்கள். நேரம் போகப் போக மாவு சிவந்து எண்ணெய் குடிக்கும். இரண்டு ஈடுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். பிழியும்போது அறுந்து விழுந்தால் தண்ணீர் போதவில்லை. கிள்ளிப் போட்ட மாவு நிறம் மாறாமல் உடனே மேலே வந்தால் எண்ணெய்ச் சூடு சரி. சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம். முன்பு பஜ்ஜியோ மைதாப் பலகாரமோ பொரித்த எண்ணெய் வேண்டாம், புதிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் எண்ணெயில் அலர்ஜிப் பொருள் செத்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. வேர்க்கடலையை வறுத்தால் அதன் வீரியம் கூடவே செய்கிறது; அவித்தால் சற்றுக் குறையும், ஆனால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அவித்த கடலையும் ஆகாது.

மற்றவை எளிதானவை. எள் சேர்க்காமல் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், வறுத்த கறிவேப்பிலை, கொப்பரை வைத்து அரைத்த பொடியில் குட்டி இட்லியைப் புரட்டிக் கொடுக்கலாம். பொரி உருண்டைக்குப் பொரி 5 கப், வெல்லம் முக்கால் கப், தண்ணீர் கால் கப். பாகைத் தண்ணீரில் விட்டுத் திரட்டித் தட்டில் போட்டால் ணங்கென்று ஓசை வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் உருண்டை மதியத்துக்குள் தளர்ந்துவிடும். கையில் நெய்க்குப் பதில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடியுங்கள்.

வேலை வரிசையும் முக்கியம். அலர்ஜி உள்ள பிள்ளையின் பலகாரத்தை முதலில் செய்து டப்பாவில் அடைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் செய்யுங்கள். இடையில் வேர்க்கடலையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கைக்குத் தடவும் சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது. வகுப்பறையிலும் இதே விதி. பகிர்ந்து உண் என்று கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள், இந்த ஒரு பிள்ளை தன் டப்பாவில் உள்ளதை மட்டுமே சாப்பிடும் என்பதை மற்றப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லி வைக்க வேண்டும். பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாக, வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று ஆசிரியரின் மேசையில் இருந்தால் பிள்ளையின் முகம் வாடாது. தப்பித் தவறிச் சாப்பிட்டுவிட்டு உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தாலோ, இருமல், இழுப்பு, குரல் மாற்றம் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. செட்ரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது. உடனே 108-ஐ அழைத்து, பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள்; மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள்; எழுந்து நடக்க விடாதீர்கள்.

அலர்ஜி இல்லாத பிள்ளைகளுக்குப் பயந்துகொண்டு வேர்க்கடலையை நிறுத்த வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கி 5 வயது வரை கொடுத்துவந்தபோது, தவிர்த்த குழந்தைகளைவிட இவர்களுக்கு வேர்க்கடலை அலர்ஜி மிகக் குறைவாகவே வந்தது.

பாக்கெட் உணவுகளுக்கான இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், சோயா ஆகியவை இருந்தால் உறையில் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டையும் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் அன்றாடம் புழங்கும் நம் ஊரில் அது இல்லாதது பெரிய குறை. தங்கள் நாளிதழ் இதை எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை, தங்கள் பலகாரக் குறிப்பு ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான சிமிளிக் குறிப்பு என்றால் 'இதில் உள்ளவை: வேர்க்கடலை, எள்' என்று இருந்தால் போதும். பொருள் பட்டியலில் கடலை என்று வரும் இடங்களில் வேர்க்கடலையா பொட்டுக்கடலையா என்பதையும், எண்ணெய் என்று வரும் இடங்களில் எது ஆட்டிய எண்ணெய் என்பதையும் முழுப் பெயராக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
கும்பகோணம்