கார்புரேட்டரில் ஐஸ் கட்டுமா? அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஆபட்ஸ்ஃபோர்டு, கனடா
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வள்ளி எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லாரும் சுகந்தானே? அப்பத்தாவின் முழங்கால் வலியைப் பற்றித் தம்பியிடம் கேட்டால் "இருக்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறான். நீங்களாவது விவரமாக எழுதுங்கள்.

நான் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்கிற இடத்தில் சின்ன விமானங்களின் கார்புரேட்டரில் ஐஸ் கட்டும் என்று சொன்னதற்கு, அன்றைக்குப் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "எஞ்சின் ஓட ஓடச் சூடுதானே ஏறும், அதுக்குள்ள ஐஸ் எப்படிம்மா கட்டும்?" என்றீர்கள். அம்பாசிடர், ஜீப், சேட்டக் என்று காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரை ஆயுசு முழுக்கக் கழற்றி மாட்டிய கை உங்களுடையது. உங்களுக்கு மேலோட்டமாகச் சொன்னால் போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கார்புரேட்டர் கழுவும்போது கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்குமே, விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு கார்புரேட்டருக்குள் வென்சுரி என்கிற குறுகலான குழாயின் ஒடுங்கின இடத்தில் காற்று வேகமாக ஓடும்போது அழுத்தம் குறைந்து அங்கேயும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வருகிற காற்று 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே 15 டிகிரி என்றால், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே. காற்றில் ஈரம் இருந்தால் அது அப்படியே தகட்டின் ஓரத்தில் ஐஸாகப் படியும். படியப் படியக் காற்றுப் போகிற வழி அடைபடும், எஞ்சின் சக்தி குறையும், விட்டால் நின்றே போகும். எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது அப்பா. ஐஸ் கட்டுவது அந்தச் சூடு எட்டாத இடத்தில்.

நம்ம ஊரில் ஏன் பார்த்ததில்லை என்று கேட்பீர்கள். காரில் பானட்டுக்குள்ளேயே எஞ்சின் சூடு சுற்றிச் சுற்றி வரும், வெயிலும் சேரும். சின்ன விமானத்தில் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்று நேராக உள்ளே பாய்கிறது. அதற்காக இதைக் குளிர் நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தால் ஆபத்து அதிகம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட ஐஸ் கட்டக்கூடும் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடே எச்சரிக்கிறது. ஐப்பசி அடைமழையில் காரைக்குடிக்கு மேலே ஒரு சின்ன விமானம் த்ராட்டிலைக் குறைத்து இறங்கினால், அதற்கும் இதே கவலைதான். இந்த நாட்டின் நடுப்பகுதியில் மைனஸ் 25 போகிற இடங்களில் காற்று வறண்டு கிடப்பதால் இந்தத் தொந்தரவு குறைவு. அதைவிட எங்கள் ஊர் மோசம். ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் நச நச என்று மழை, காலையில் மூடுபனி, 6 டிகிரி, 8 டிகிரி. கார்புரேட்டர் ஐஸுக்கு இதைவிடத் தோதான சீதோஷ்ணம் வேண்டியதில்லை.

இதற்கு மருந்தாக வைத்திருப்பதுதான் கார்ப் ஹீட். அமைப்பு ரொம்ப எளிமை. சைலன்சரைச் சுற்றி ஒரு தகரக் கூடு, இங்கே அதை ஷ்ரவுட் என்பார்கள். கூட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் போகிற காற்று சூடாகிறது. அங்கிருந்து கம்பிச் சுருள் வைத்த ஒரு செம்மஞ்சள் ஹோஸ் வழியாகக் கார்புரேட்டருக்கு அடியில் தொங்குகிற ஏர் பாக்ஸுக்கு வருகிறது. பாக்ஸுக்குள் ஒரு ஃபிளாப். பைலட் முன்னால் இருக்கிற குமிழை இழுத்தால் கேபிள் அந்த ஃபிளாப்பைத் திருப்பும். குளிர்ந்த காற்றின் வழி மூடி, சூடான காற்றின் வழி திறக்கும். வெளியே மைனஸ் 1 டிகிரியில், எஞ்சின் முக்கால் சக்தியில் ஓடும்போது, காற்றை 50 டிகிரி ஏற்ற வேண்டும் என்று இந்த மாதிரி விமானங்கள் சான்று பெற்ற காலத்து அமெரிக்க விதியில் இருந்தது. புதிதாக இருக்கும்போது எல்லா விமானமும் இதைச் செய்துவிடும். வருஷக் கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஓடின பிறகும் செய்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

போன வாரம் ஒரு பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 150 விமானம் வந்தது. நூறு மணி நேரம் ஓடினதும் செய்கிற இன்ஸ்பெக்ஷன். எஞ்சினை மூடியிருக்கிற கவ்லிங்கைத் திறப்பதற்கு முன்னால் எஞ்சினை ஓட்டிப் பார்ப்போம். 1700 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 1700 சுற்றில் நிறுத்தி, கார்ப் ஹீட் குமிழை முழுசாக இழுக்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கலவையில் பெட்ரோல் கூடிப்போகும், அதனால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்க வேண்டும். அப்படி இறங்குவதுதான் சூடு வந்து சேர்கிறது என்பதற்குச் சாட்சி. இந்த விமானத்தில் ஆர்பிஎம் முள் லேசாக ஆடினதோடு சரி. குமிழோ வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான் அப்பா. குமிழ் சுகமாக இழுபட்டால் உள்ளே எல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கவ்லிங்கைக் கழற்றினோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து குமிழை இழுக்க, நான் கீழே படுத்து டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். கேபிளின் வெளியுறையைப் பிடித்திருக்கிற கிளாம்ப் தளர்ந்திருந்தது. குமிழை இழுக்கும்போது உள்கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்கிறது, ஃபிளாப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஃபிளாப்பின் அச்சுத் தண்டு ஓடுகிற ஓட்டையும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. விரலால் ஆட்டினால் லொட லொட என்று ஆடுகிறது. அதனால் மூட வேண்டிய பக்கமும் முழுசாக மூடவில்லை, குளிர்ந்த காற்று ஓரமாக உள்ளே வந்து சூட்டைக் கெடுக்கிறது. ஃபிளாப்பைப் பிடித்திருக்கிற ரிவெட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தோம். அது கழன்றால் விழுவதற்கு வேறு இடம் கிடையாது, நேராகக் கார்புரேட்டருக்குள் போகும்.

ஹோஸையும் வெளியில் பார்த்து விட்டுவிடக் கூடாது. வெளியில் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே கம்பி பிரிந்து, துணி தொங்கி, காற்று இழுக்கும்போது அது சப்பிக்கொண்டு வழியை அடைக்கும். இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் கண் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஷ்ரவுடைக் கழற்றுவது. நாலைந்து ஸ்க்ரூதான், ஆனால் கை நுழையாத இடம், விரலெல்லாம் கீறும். அதற்குச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிற மூத்த மெக்கானிக் இதில் ஒரு விட்டுக்கொடுப்பும் கிடையாது. அவர் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது. சைலன்சரில் வெடிப்பு விட்டால் புகை கூட்டுக்குள் கசியும். அந்தப் புகையில் எரிவதற்கு ஆக்சிஜன் இருக்காது. ஐஸைக் கரைக்கப் பைலட் குமிழை இழுக்கிற நேரத்தில் அந்தப் புகையே எஞ்சினுக்குள் போனால், காப்பாற்ற வேண்டிய சாமானே எஞ்சினை மூச்சு முட்ட வைக்கும். சில விமானங்களில் உட்காருகிறவர்களுக்கான ஹீட்டரும் இதே கூட்டிலிருந்துதான் காற்று எடுக்கிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு நேராக அவர்கள் மூக்குக்கு. அதற்கு வாசனையும் கிடையாது.

வெடிப்பைக் கண்டுபிடிக்க வேக்குவம் கிளீனரின் ஊதுகிற பக்கத்தை எக்சாஸ்ட் குழாயில் பொருத்திக் காற்றைக் கொடுத்து, வெல்டிங் மேலே சோப்புத் தண்ணீர் தடவுகிறோம். குமிழி வந்தால் ஓட்டை. பஞ்சர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பீர்களே, அதே வேலைதான். கண்ணுக்கே தெரிகிற அடையாளமும் உண்டு: கசிகிற இடத்தில் சாம்பல் வெள்ளையாகக் கோடு இழுத்திருக்கும், இந்தப் பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பதால். இந்த விமானத்தில் அப்படி எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

இன்னொரு விஷயம், உங்களுக்குப் பிடிக்கும். நீங்கள் காதில் செருகியிருக்கிற பென்சில் இந்த இடத்தில் ஆகவே ஆகாது. எக்சாஸ்ட் தகட்டில் பென்சிலால் அடையாளம் போட்டால், சூடேறும்போது அந்தக் கரி உலோகத்துக்குள் இறங்கி, அதே கோட்டில் பின்னால் வெடிப்பு விடும். துத்தநாக முலாம் பூசிய கருவியும் அதன்மேல் படக்கூடாது. வெடிப்பைக் குறிக்க இதற்கென்றே உள்ள மார்க்கர்தான்.

தேய்ந்த ஓட்டைக்கு நீங்களாக இருந்தால் கல்லுக்கட்டிப் பக்கம் லேத்துக்கு அனுப்பிச் சாயங்காலத்துக்குள் பித்தளையில் புஷ் போட்டிருப்பீர்கள். என் மனசும் அதைத்தான் நினைத்தது. இங்கே அது நடக்காது. பார்ட்ஸ் புத்தகத்தில் எண் பார்த்து, சான்றிதழோடு வருகிற சாமான்தான் போட வேண்டும். எங்கே, யார் செய்தது என்று அந்தக் காகிதத்தில் இருக்கும், அது விமானத்தின் பதிவேட்டோடு போகும். முதலில் எனக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற வண்டி இல்லையே இது. புது ஏர் பாக்ஸ் வந்து, கேபிளைக் கட்டி, குமிழைச் சரிசெய்தோம். முழுசாகத் தள்ளினால் குமிழுக்கும் பலகைக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபிளாப் தன் முனையை முதலில் தொடுகிறது என்று அர்த்தம். மறுபடி 1700-ல் இழுத்ததும் முள் நன்றாக இறங்கியது, குமிழைத் தள்ளினதும் பழையபடி ஏறியது. சீனியர் கையெழுத்துப் போட்டார். இன்னும் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. லைசென்ஸ் வாங்கினதும் உங்களுக்குத்தான் முதல் போன்.

அந்தப் பள்ளியில் படிக்கிற ஒரு பஞ்சாபிப் பையன் ஹேங்கருக்கு வந்து என்னிடம் கேட்டான்: குமிழை இழுத்ததும் எஞ்சின் இன்னும் உதறினால் திருப்பித் தள்ளிவிடலாமா? தள்ளவே கூடாது என்றேன். கரைகிற ஐஸ் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும்போது கொஞ்ச நேரம் உதறத்தான் செய்யும், பொறுக்க வேண்டும், பிறகு ஆர்பிஎம் தானே ஏறும். அரைகுறையாகவும் இழுக்கக் கூடாது. முழுசாக இழு, இல்லையென்றால் தொடாதே. எஞ்சின் நிற்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. இந்தச் சூட்டைக் கொடுப்பதே எஞ்சின்தான். அது நின்றால் சைலன்சர் நிமிஷத்தில் ஆறிப்போகும். ஆனால் தரையில் ஓடும்போது தேவையில்லாமல் இழுத்துவைக்காதே, சூடான காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை, தூசி நேராக உள்ளே போகும் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். இப்படி ஒருத்தருக்கு விளங்க வைக்கும்போதுதான் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போகிறது.

வள்ளல் அழகப்பர் அந்தக் காலத்திலேயே இங்கிலாந்தில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனி நடத்தியவர் என்று நீங்கள் சொல்லித்தான் சின்ன வயதில் எனக்கு விமானத்தின் மேல் கண் விழுந்தது. செட்டிநாட்டில் யுத்த காலத்தில் போட்ட ஓடுதளத்தைக் காட்டக் கூட்டிப்போனீர்களே, அது நினைவிருக்கிறது. அங்கே மறுபடி சின்ன விமானங்கள் இறங்கினால் பார்த்துக்கொள்ள நம்ம ஊரிலேயே ஆள் வேண்டும். தம்பிக்கு இதில் ஆசை இருந்தால் இப்போதே இயற்பியலை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்பட வேண்டாம். சர்ரேயில் நம்ம கடைகள் இருக்கின்றன, இட்லி அரிசியிலிருந்து சுண்டைக்காய் வற்றல் வரை கிடைக்கிறது. வீடு ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் கீழ்த்தளம். வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் 1911-ல் கட்டிய பழைய குருத்வாராவுக்கு என்னையும் கூட்டிப்போகிறார். இப்போது சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, குளிர் பழகிவிட்டது. வேலைக்குக் கம்பளிக் கையுறை தந்திருக்கிறார்கள், ஆனால் நட்டு முடுக்கும்போது கழற்றத்தான் வேண்டியிருக்கிறது.

பணம் அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். அப்பத்தாவை மதுரைக்குக் கூட்டிப்போய் முழங்காலைக் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். உங்களிடம் இருக்கிற, இடைவெளி அளக்கிற பழைய ஃபீலர் கேஜ் செட்டைத் தம்பி பார்சலில் வைத்து அனுப்பட்டும். அதோடு கவுனி அரிசி ஒரு கிலோ, சீப்புச் சீடை கொஞ்சம். சீடையை டப்பாவில் போட்டு நன்றாக மூடச் சொல்லுங்கள், போன தடவை நொறுங்கித்தான் வந்தது.

உங்கள் அன்பு மகள்,
வள்ளி