நசுங்காத காரைப் பற்றித்தான் என் கவலை

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் இணையப் பதிப்பைத் தினமும் காலையில் பட்டறை திறப்பதற்கு முன் டீயோடு படிக்கிறவன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. போன வாரம் ஒரு வாசகர், கார்களை மோதி நொறுக்குகிற வீடியோ கேம்கள் அத்தனையையும் தடை செய்ய வேண்டும், அவற்றை விளையாடுகிற பிள்ளைகள்தான் நாளைக்கு ரோட்டில் ஆளைக் கொல்லப்போகிறார்கள் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. அவர் மேல் கோபமில்லை, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர் என்று தெரிகிறது. ஆனால் அந்த விளையாட்டுகளில் ஒன்றையாவது பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாரா என்பதுதான் என் சந்தேகம்.

நான் பார்த்திருக்கிறேன். தொழில்காரன் கண்ணோடு பார்த்திருக்கிறேன், ஏனென்றால் என் பிழைப்பே நசுங்கின கார்தான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சுத்தியல் பிடித்துப் பழகி, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1999ல் இங்கே வந்து சேர்ந்தேன். நம் ஊரில் டிங்கர் என்போம், இங்கே பேனல் பீட்டர். வேலை ஒன்றுதான். ஒடுக்கு எடுக்க வேண்டும், பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும், பெயின்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரிய அடி என்றால் சேஸியை ஜிக் என்கிற இரும்புச் சட்டத்தில் ஏற்றி இழுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர்களிடம் என்ன ஆச்சு என்று கேட்காமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி குடி, கையில் போன், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த தூக்கம், வழுக்கை டயரோடு ஹிகின்சன் ஹைவேயில் மழை, இவைதான் பதில். கேம் விளையாடினதால் மோதினேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை (சொல்லவும் மாட்டார்கள், அது வேறு விஷயம்). இந்த நாட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் ரோட்டில் சாகிறார்கள், அதில் பெரிய பங்கு பாவம் நடந்து போனவர்கள். அந்தக் கணக்கைத் தூக்கி ஒரு விளையாட்டுப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டால் குடிக்கும் போனுக்கும் நிம்மதி.

இந்தப் பயம் புதிதும் இல்லை. என் மச்சான் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சின்ன வயசில் தெருமுனை டீ ரூமில் ரொட்டி வாங்கப் போய், மிச்சச் சில்லறையை அங்கே நிற்கும் கேம் மெஷினில் போட்டுவிட்டு வந்து அடி வாங்கின கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். தென்னாப்பிரிக்காவுக்கு டிவியே 1976 ஜனவரியில்தான் வந்தது. அதே 1976ல் அமெரிக்காவில் எக்ஸிடி என்ற கம்பெனி ‘டெத் ரேஸ்’ என்று காசு போட்டு விளையாடும் ஒரு ஆர்கேட் மெஷினை இறக்கியது. கறுப்பு வெள்ளைத் திரை, குச்சி குச்சியாக உருவங்கள், காரை விட்டு ஏற்றினால் ஒரு அலறல், அந்த இடத்தில் ஒரு சிலுவை. அவை மனுஷர்கள் இல்லை, ‘கிரெம்லின்’ என்ற குட்டிச்சாத்தான்கள் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது, யார் கேட்டார்கள்? நாடே கொதித்தது. அப்புறம் 1997ல் ‘கார்மகெடான்’. நடந்து போகிறவர்களை இடித்தால் நேரம் கூடும் என்பதுதான் அதன் சூத்திரம். பிரிட்டனில் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது, உடனே ஆட்களை எல்லாம் பச்சை ரத்தம் உள்ள ஸோம்பிகளாக மாற்றி விற்றார்கள்; ஜெர்மனிக்குப் போனது ரோபோ. கன்றுக்குட்டி மேல் தேரை ஏற்றிய மகனுக்கு அதே தேர்க்காலைத் தண்டனையாக வைத்த மனுநீதிச் சோழனிடம் ‘ஐயா, அது கன்று இல்லை, ஸோம்பி’ என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா தெரியவில்லை. எனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது, என் வீட்டில் அது கிடையாது. பச்சை ரத்தம் என்றால் சரி, சிவப்பு ரத்தம் என்றால் தப்பு என்கிற கணக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் நம் வாசகர் செய்வதுபோல எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது. வண்டியில் பீரங்கி கட்டிச் சண்டை போடுவது ஒரு ரகம். 1995ல் பிளேஸ்டேஷனில் வந்த ‘ட்விஸ்டட் மெட்டல்’ அப்படி. தலையில் தீ எரிய ஒரு கோமாளி ஐஸ்கிரீம் வண்டியை ஓட்டிக்கொண்டு ராக்கெட் விடுவான். கடைசியில் ஜெயித்தவனுக்கு ஒரு வரம், அந்த வரம் பெரும்பாலும் கேட்டவனையே கவிழ்த்துவிடும். பஸ்மாசுரன் கதை தெரிந்த நமக்கு இதில் என்ன புதுசு? வண்டிச் சண்டையும் புதுசில்லை. குருக்ஷேத்திரத்தில் கர்ணனின் தேர்ச்சக்கரம் சேற்றில் மாட்டினபோது இறங்கித் தூக்கப் பார்த்தான் பாருங்கள், அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜாக்கியும் ரெண்டு பலகையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் போலிருக்கும். தீக்கோமாளியைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் அப்பாவின் பக்கி (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) மேல் ராக்கெட் கட்டப்போவதில்லை. இந்த ரகத்தை விட்டுவிடலாம்.

மோதலே பந்தயமாக இருப்பது இன்னொரு ரகம். என் மகனுக்கு இப்போது 17, லேர்னர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதும் வயசு. பின்லாந்தில் பக்பியர் என்ற கம்பெனி செய்த ‘ரெக்ஃபெஸ்ட்’ விளையாட்டைப் போட்டுவிட்டு ஒருநாள் “அப்பா, இங்க வந்து பாருங்க, உங்க பட்டறை மாதிரியே இருக்கு” என்று கூப்பிட்டான். துருப்பிடித்த பழைய வண்டிகள், எட்டுப் போட்ட மாதிரி ஒரு தடம், நடுவில் குறுக்கே வெட்டும் இடத்தில் எல்லாரும் மோதிக்கொள்கிறார்கள். புல் வெட்டும் மெஷினில் ஒரு பந்தயம், சோபாவுக்குச் சக்கரம் வைத்து ஒரு பந்தயம். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். அதே கம்பெனி 2004ல் செய்த ‘ஃபிளாட்அவுட்’டில் ஓட்டுகிறவனையே முன்கண்ணாடி வழியாகத் தூக்கி எறிந்து எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குச் சிரிப்பு வரவில்லை. பெல்ட் போடாதவன் தலை மோதின கண்ணாடி என் பட்டறைக்கு வந்திருக்கிறது, விரிசலில் முடி சிக்கியிருந்தது, நான்தான் கழற்றினேன். மகனிடம் சொன்னேன், அவன் அதை விளையாடுவதை நிறுத்தவில்லை, ஆனால் நான் அறைக்குள் வந்தால் அணைத்துவிடுகிறான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எனக்குப் பயம் தருவது நொறுங்கும் கார் இல்லை, நொறுங்காத கார்.

‘கிரான் டூரிஸ்மோ’ என்று ஒரு பிரபலமான ரேஸ் விளையாட்டு. அடிதடி கிடையாது, ரத்தம் கிடையாது, நல்ல குடும்பத்துப் பிள்ளை விளையாட்டு என்று எல்லாரும் வாங்கிக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் நிஜக் கார்கள், நிஜப் பெயர்கள். 1997ல் தொடங்கி 2010ல் ஐந்தாம் பாகம் வரும்வரை, முழு வேகத்தில் சுவரில் கொண்டுபோய் விட்டாலும் வண்டியில் ஒரு சொட்டை தெரியாது. தங்கள் வண்டி நசுங்குவதைக் காட்ட கார் கம்பெனிகளுக்கு மனசு வராததுதான் காரணம் என்று விளையாட்டுக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆக, கடையில் விற்கிற நிஜக் கார் அந்த விளையாட்டில் அத்தனை காலம் நசுங்கவே இல்லை. ‘பர்ன்அவுட்’ மாதிரி விளையாட்டில் வருகிற கற்பனைக் கார்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரியும். எது பொய், எது நிஜம் சொல்லுங்கள்.

பர்ன்அவுட் மேலும் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு, அது மோதலைப் பற்றி இல்லை. எதிர்த் தடத்தில் ஏறிப்போய், எதிரே வருகிற வண்டியை மயிரிழையில் தப்பினால் வேகம் கூட்டும் பூஸ்ட் கிடைக்கும். தப்புவதற்குப் பரிசு! எங்கள் ஊர் மினிபஸ் டாக்ஸிக்காரர்களில் சிலர் இதை எந்த மெஷினும் இல்லாமலே கற்றுக்கொண்டவர்கள். மோதினால் என்ன ஆகும் என்று காட்டுகிற விளையாட்டு ஒரு பிள்ளையைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘பார்த்தியா, ஒண்ணும் ஆகலே’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிற விளையாட்டைத்தான் நான் கவனிப்பேன், அந்த வாக்கியத்தை நிஜத்தில் சொன்னவர்கள் எத்தனையோ பேர் என் வாடிக்கையாளர்கள்.

மகன் இப்போது அதிகம் விளையாடுவது ‘பீம்என்ஜி டிரைவ்’. ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக் கம்பெனி, 2013லிருந்து இருக்கிறது. இதில் கார் என்பது ஒரு படம் இல்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கம்பிகளால் இணைத்துக் கட்டின கூடு. எங்கே அடி விழுந்தால் எந்தக் கம்பி வளையும், எது அறுந்து போகும் என்று ஒரு செகண்டுக்கு 2000 தடவை கணக்குப் போடுகிறது. முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரே சுவரில் ஒரே காரை 60ல் மோத வைத்தான், பிறகு 120ல். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் உலோகம் தாங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. 60ல் பானட் மடிந்தது, 120ல் டேஷ்போர்டு ஓட்டுகிறவன் மடிக்கு வந்தது. பக்கவாட்டில் மோதினபோது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே இருக்கிற நடுத்தூண் கொஞ்சம் உள்ளே தள்ளி, கதவு மூடாமல் நின்றது. அரை அங்குலம் தூண் நகர்ந்தால் கதவு உட்காராது என்று புதுப் பையன்களுக்கு நான் ஆறு மாசம் தொண்டை கிழியக் கத்திப் புரியவைக்கிற பாடம் அது.

“இப்ப வர்ற கார் எல்லாம் தகரம், தொட்டா நசுங்குது, அந்தக் காலத்து வண்டிதான் வண்டி” என்று என் மாமியார் உட்பட எல்லாரும் சொல்வார்கள். முன்பக்கம் நசுங்குவதே உள்ளே இருக்கிற ஆள் நசுங்காமல் இருக்கத்தான். மெர்சிடிஸில் பேலா பாரெனி என்ற என்ஜினியர் 1950களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நான் வாயால் சொன்னபோது நம்பாத மாமியார், பேரன் கம்ப்யூட்டரில் காட்டினபோது நம்பினார்.

ஒன்று மட்டும் நான் பார்த்த எந்த விளையாட்டும் காட்டுவதில்லை. அடுத்த ரேஸுக்குப் பட்டனை அமுக்கினால் புது வண்டி வந்து நிற்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. இந்த நாட்டில் பதிவுப் பேப்பரில் புது வண்டி கோட் 1, கைமாறின வண்டி கோட் 2, நொறுங்கிப்போய்த் திரும்பக் கட்டின வண்டி கோட் 3, ரோட்டுக்கே வரக்கூடாத காயலான்கடைச் சரக்கு கோட் 4. கோட் 3 ஆன வண்டியை நான் எவ்வளவு நன்றாகக் கட்டிக் கொடுத்தாலும், கண்ணாடி மாதிரி பெயின்ட் மின்னினாலும், மறுபடி கோட் 2 ஆகாது. பேப்பரில் அது சாகும்வரை கோட் 3தான், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். பேப்பரைப் பார்க்காமல் மினுக்கை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

மகனை ஒரு சனிக்கிழமை பட்டறைக்குக் கூட்டிப்போய் அப்படி ஒரு வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கி, வெல்டிங் போட்ட கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “இதுல யாராவது செத்தாங்களா அப்பா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது, வண்டியோடு அந்த விவரம் வருவதில்லை என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தடை வேண்டும் என்று கடிதம் போட்டீர்கள், சரி. சினிமாவுக்கு வாராவாரம் விமர்சனம் போடுகிறீர்கள், விளையாட்டுகளுக்கும் அப்படி ஒரு அரைப் பக்கம், விளையாடத் தெரிந்த ஒருவரை வைத்து, நம் தமிழில் போடக்கூடாதா? இங்கேயும் விளையாட்டுகளுக்கு வயசு வரம்பு போடுகிறார்கள், 16 என்றும் 18 என்றும் பெட்டியில் எண் இருக்கிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த எண் ஒரு தகப்பனுக்குச் சொல்வதில்லை. எதிர்த் தடத்தில் போனால் பரிசு தருகிறதா, மோதினால் வண்டி நசுங்குகிறதா, இந்த இரண்டு கேள்விக்குப் பதில் போட்டாலே எனக்குப் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லாமல் வெட்டுவீர்கள் என்று தெரியும். கர்ணன் வருகிற இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கோட் 3 பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிங்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.