சட்டையைக் கழட்டச் சொல்லுங்க டாக்டர்

தமிழ்நாட்டுல தோல் வைத்தியமும் நரம்பு வைத்தியமும் பாக்குற எல்லா டாக்டருக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 29 வயசு. பொறக்கும்போதே கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் முதுகு பூரா கருகருன்னு மச்சம், அது மேல முடி வேற, கை கால்ல சின்னச் சின்னதா முப்பதுக்கு மேல. கிரகணத்துல வெளிய வந்தியான்னு கேட்டுக் கேட்டே எங்க அம்மாவை அழ வச்சாங்க. அவன் ஆத்துல கூட சட்டையோடதான் குளிப்பான்.

போன வருசம் தலைவலி ஆரம்பிச்சுது, காலைல எந்திரிச்சா வாந்தி. மூணு டாக்டர் பாத்தாங்க, ஒருத்தர் மைக்ரேன்னாரு, ஒருத்தர் ஃபோனைக் குறைன்னாரு, கண்ணாடியும் மாத்தியாச்சு. யாரும் சட்டையைக் கழட்டச் சொல்லல, அவனும் வாய் திறக்கல, பொறந்ததுலேர்ந்து இருக்குற மச்சத்துக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்னு அவனுக்கு எப்படித் தெரியும். எட்டு மாசம் கழிச்சு ஃபிட்ஸ் வந்து விழுந்தான். எமர்ஜென்சில சட்டையைக் கத்திரியால வெட்டி ஒருக்களிச்சுப் படுக்க வச்சப்பதான் ட்யூட்டி டாக்டரம்மா முதுகைப் பாத்தாங்க. அப்படியே நின்னுட்டு, கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போட்டு மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கணும்னாங்க.

நியூரோக்யூட்டேனியஸ் மெலனோசிஸ். தோலுக்கு நிறம் குடுக்குற மெலனோசைட் செல் மூளையைச் சுத்தி இருக்குற சவ்வுலயும் பெருகி, மூளை நீர் வடியிற வழி அடைச்சு ப்ரெஷர் ஏறியிருக்கு. 1861லயே ரோகிடான்ஸ்கிங்கிற டாக்டர் எழுதி வச்ச வியாதி இது. பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள தெரிஞ்சிரும், சிலருக்கு இருபது முப்பது வயசுலயும் வரும்.

இப்ப அந்த நீரை வடிய விடுற ஷண்ட்ங்கிற குழாய் வச்சிருக்காங்க, தலைவலி குறைஞ்சிருக்கு. முழுசா குணமாக்க மருந்து இல்ல, அந்த செல்லே புத்துநோயா மாறலாம்னும் சொல்லிட்டாங்க, அது உங்க தப்பில்ல. ஆனா அந்த எட்டு மாசம் அவன் பட்ட வலி பட்டிருக்க வேண்டியதில்ல.

தோல் டாக்டருங்களே, இவ்ளோ பெரிய மச்சத்தோட யார் வந்தாலும், தலைவலி வாந்தி ஃபிட்ஸ்னு எங்க போனாலும் மச்சத்தைப் பத்திச் சொல்லுன்னு சீட்டுலயே எழுதிக் குடுங்க. பச்சைக் குழந்தைன்னா முதல் சில மாசத்துலயே எம்ஆர்ஐ பாருங்க, மூளை வளர வளர அது ஸ்கேன்ல சரியாத் தெரியாது. நரம்பு டாக்டருங்க ஒரே ஒரு தடவை முதுகைப் பாத்துருங்க.

இன்னொண்ணு. கரு வளரும்போது ஒரு செல்லுல என்ராஸ்ங்கிற ஜீன் மாறிப்போறதாலதான் பெரும்பாலும் இந்த மச்சம் வருது, கிரகணமும் இல்ல, பரம்பரையும் இல்ல. நான் எத்தனை தடவை சொல்லியும் எங்க அம்மா நம்பல. உங்கள்ல யாராவது சொன்னா நம்புவாங்க.