பொத்துவில் வீதியில் எங்களைத் தாமதப்படுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு – பொத்துவில் வீதியோரத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

கடந்த மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 மணிக்குக் கல்லடிப் பாலத்தடியிலிருந்து சைக்கிளில் பொத்துவிலுக்குப் புறப்பட்டு, அன்றிரவே கல்லடிக்குத் திரும்பிச் சேர்ந்த 11 பேரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். எங்களுள் பந்தயக்காரர் எவருமில்லை. ஆசிரியர் இருவர், ஒரு தச்சர், ஒரு வங்கி உத்தியோகத்தர், பல்கலைக்கழக மாணவர் மூவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், மற்றையோர் சிறு வியாபாரிகள். விலையுயர்ந்த ஓட்டச் சைக்கிள்கள் இரண்டு. தபாலதிபர் ஐயாவுடையது பழைய லுமாலா. மிச்சமெல்லாம் கடைகளில் பேரம்பேசி வாங்கிய பாவித்த ஜப்பான் சைக்கிள்கள். ஞாயிறுதோறும் படுவான்கரை வயல்வெளிகளூடாக 50, 60 கி.மீ. ஓடிப் பழகிய துணிச்சலில்தான், போக 100 கி.மீ.க்குச் சற்று மேலும் வர அவ்வளவுமாக, ஒரே நாளில் 200 கி.மீ.யைத் தாண்டிவிட எண்ணினோம்.

அத்துடன் ஒரு நேர எல்லையையும் வகுத்துக்கொண்டோம். பாரிஸிலுள்ள ஒரு கழகத்தின் விதிகளின்படி உலகின் பல நாடுகளில் நடைபெறும் ஓடாக்ஸ் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரமும், 300 கி.மீ.க்கு 20 மணி நேரமும், 600 கி.மீ.க்கு 40 மணி நேரமும் வழங்கப்படுகின்றன. இவற்றின் மூத்த ஓட்டமான பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் 1891ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் எவ்வமைப்பிலும் உறுப்பினர் அல்லர். ஆயினும் அந்த 13½ மணி நேரத்தையும், பின்னால் உதவி வாகனம் தொடரக்கூடாது என்ற விதியையும், வழியில் ஆங்காங்கே கையொப்பம் பெறும் அட்டையையும் கடன் வாங்கிக்கொண்டோம். அட்டையை மாணவர் ஒருவர் வீட்டிலேயே அச்சிட்டிருந்தார். மாலை 6.00 மணிக்குக் கல்லடியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரவு 8.35க்குத்தான் வந்து சேர்ந்தோம். அந்த இரண்டரை மணி நேரத்துக்கும் கூடுதலான தாமதம் எங்கே, யாரால் ஏற்பட்டது என்பதைச் சொல்வதே இம்மடலின் நோக்கம்.

நோன்பு மாதமாதலால் காத்தான்குடி அந்த இருட்டிலும் விழித்திருந்தது. ஸஹர் முடித்துப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள் எங்கள் சிவப்பு விளக்குகளின் வரிசையைக் கண்டு வழிவிட்டு நின்றார்கள். பெரியகல்லாற்றில் வழமையான நேரத்துக்கு முன்பே கடையைத் திறந்து, பிளேன்டீயும் சூடான ரொட்டியும் தந்து, அட்டையின் முதற் கட்டத்தில் கையொப்பமும் இட்டுத் தந்த அண்ணருக்கு எங்கள் முதல் நன்றி.

கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் காலைக் குளிரிலும், வாடைக்காற்று முதுகைத் தள்ளிய சுகத்திலும் விரைவாகக் கழிந்தன. அக்கரைப்பற்றைக் கடந்த பின்னர், ஒரு மதகின் மேல் எவரோ உடைத்துவிட்டுப் போன போத்தல் துண்டொன்று மாணவர் ஒருவரின் பின் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. டியூபில் ஓட்டை விழுந்தால் நாங்களே ஒட்டுப் போட்டுக்கொள்வோம். டயரே கிழிந்தால் அது இயலாது. காற்றடித்ததும் கிழிசல் வழியே டியூப் கொப்புளம்போல் வெளியே தள்ளி வெடித்துவிடும். தம்பிலுவில்லில் வீட்டு முற்றத்திலேயே திருத்தும் தொழில் செய்யும் வயோதிபர் ஒருவரிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். அந்த மெல்லிய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சைசு இஞ்ச ஒரு கடையிலயும் இல்ல மனே" என்றார். பின்னர், தூக்கியெறிந்து கிடந்த பழைய டயரொன்றின் நூற்பகுதியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதன் ஓரங்களைச் சீவி மெல்லியதாக்கி, கிழிசலின் உட்புறம் வைத்து ஒட்டினார். அவசரப்படுத்திய எங்களை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் எவரும் வாய் திறக்கவில்லை. பசை காயும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போயிற்று. அந்தத் துண்டின்மேல் அந்தச் சைக்கிள் மீதி 120 கி.மீ.க்கு மேல் ஓடி வந்து, இன்றும் ஓடுகிறது. ஐயா, நீங்கள் வாங்கிய கூலி ஒரு தேநீரின் விலைக்கு மேல் இராது. எங்கள் அவசரத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

தாண்டியடிக்கு அப்பால், பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த காலமாதலால், வீதியின் ஒரு பாதி முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காயும் நெல்லின் மேல் மெல்லிய டயர் ஏறினால் மணலில் போல வழுக்கும். மறுபக்கம் ஒதுங்கினால் எதிரே பஸ் வரும். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும், நாங்கள் கேளாமலே ஓரத்தை ஒதுக்கி ஒருவர் போகும் அளவுக்கு வழி செய்து தந்தார்கள். வீதியில் நெல் காயவிடுவதைக் குறைகூறி முன்பொரு நாள் நான் பேசியிருக்கிறேன். களம் இல்லாத குடும்பத்துக்கு வேறெந்த இடம் இருக்கிறது என்பதை அந்தச் சகோதரிகளின் வெடித்த பாதங்களைப் பார்த்த பின்னரே யோசித்தேன்.

பொத்துவில் சந்தியை அடைந்தபோது நண்பகல் 12 மணி. அங்கே தச்சர் தம்பிக்குத் தலைசுற்றலும் வாந்தியும் கண்டன; கால்தசைகள் இழுத்துக்கொண்டன. தண்ணீர் குடிக்கவில்லையோ என்று நாங்கள் அவருக்கு மேலும் மேலும் போத்தல்களை நீட்டிக்கொண்டிருந்தோம். கடமை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தாதியார் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "வெறுந்தண்ணியக் குடுக்காதீங்க" என்று எங்களைத் தடுத்தார். மணிக்கணக்காக வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டிருக்க, வெறுந்தண்ணீரையே குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பு மேலும் ஐதாகி, நிலைமை மோசமடையும் என்று அவர் விளக்கினார். அருகிலிருந்த கடையில் ஜீவனி எனும் உப்பு-சர்க்கரைக் கரைசற் பொதிகளைத் தாமே வாங்கிக் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். உப்போடு சேர்ந்த சர்க்கரை குடலில் நீரை இழுத்துக்கொள்ள உதவுகிறது என்பதைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் அன்று நடுவீதியில் மாணவனாக நின்று கேட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்தே அவர் எங்களைப் புறப்பட விட்டார். தாமும் நோன்பிருந்தவர், அந்த வெயிலில், ஒரு மிடறு நீரும் அருந்தாமல் எங்களுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டு நின்றார் என்பது, விடைபெறும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் காற்று எங்களுக்கு எதிராயிற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகையால் நெடுந்தூரம் ஓடுவோர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓடி, முன்னால் செல்பவரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். கடற்பக்கமிருந்து சரிவாக வீசும் காற்றுக்கு இதுவும் போதாது. வரிசையையும் சரிவாக அமைக்க வேண்டும். அப்படி அமைத்தால் வீதியின் பாதி அகலம் எங்களுக்கே போய்விடும். இதனால் நாங்கள் இடைஞ்சலாக இருந்தபோதும், கோமாரிக்கருகில் ஹோர்ன் அடிக்காமல் நெடுநேரம் பின்னால் ஊர்ந்து வந்த பொத்துவில் பஸ்ஸின் சாரதிக்கு நன்றி. எங்களை மண்ணுக்குள் தள்ளிவிட்டுப் பறந்த வெள்ளை வான்காரரைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

இலங்கைத் தீவின் கிழக்கு முனை அமைந்த சங்கமன்கண்டிப் பகுதியில், வயலோரத்துப் பரணிலிருந்து இறங்கி ஓடிவந்த காவற்காரர் ஒருவர் கையை விரித்து எங்களை மறித்தார். தனியன் யானையொன்று வீதியோரப் பற்றைக்குள் நிற்பதாகச் சொன்னார். எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை, பற்றை அசையவுமில்லை. "லொறி வந்தா அதுக்குச் சத்தத்திலயே விளங்கும். நீங்க சத்தமில்லாம வாறீங்க, கிட்ட வந்த பொறகுதான் அது வெருளும்" என்றார். சைக்கிளின் ஓசையின்மையை அதன் பெருமையாகவே பேசிவந்த எங்களுக்கு, அந்தப் பெருமையே அங்கே ஆபத்து என்பது புதிய பாடமாக இருந்தது. 40 நிமிடங்கள் மரநிழலில் இருந்தோம். அந்நேரத்தில் தபாலதிபர் ஐயா, போர்க்காலத்தில் இதே வீதியில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி கடிதப் பையோடு சைக்கிளை உருட்டிச் சென்ற நாட்களைச் சொன்னார். அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான். கடைசியில் யானை வீதியைக் கடந்து எங்கள் கண்முன்னே மேற்கே காட்டுக்குள் நுழைந்தது. காவற்காரர் அட்டையில் கையொப்பமிட மறுத்து, யானை ஒன்றைக் கீறித் தந்தார்.

அக்கரைப்பற்றுக்கு வந்தபோது மாலை 4.40. எல்லை கைவிட்டுப் போய்விட்டது என்பது தெளிவாயிற்று. ஆயினும் எவரும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் மௌனமாக மிதித்தோம். மாணவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மருதமுனையை அடையும்போது பொழுது சாய்ந்து, வீடுகளின் முன்னே கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழமும் பரப்பப்பட்டிருந்தன. அவ்வூர் வழக்கில் காக்கா எனப்படும் அண்ணர் ஒருவர் வீதிக்கே இறங்கி வந்து, "பாங்கு சொல்லப் போறாங்க, நோன்பு திறந்திட்டுப் போங்க தம்பி" என்றார். நாங்கள் நோன்பாளிகள் அல்லர் என்றோம். "உங்கட முகத்தப் பாத்தா எங்களவிட நீங்கதான் நோன்பு மாதிரி" என்று சிரித்தபடி பாய் விரித்தார். இறைச்சியும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி, அன்று முழுவதும் நாங்கள் உறிஞ்சிய இனிப்புப் பானங்களால் செய்ய முடியாததைச் செய்தது. தச்சர் தம்பி மூன்று கோப்பை குடித்தார். உம்மா ஒருவர் உள்ளிருந்து சமோசாத் தட்டை அனுப்பிக்கொண்டேயிருந்தார். இரவு 6.50க்குத்தான் எழுந்தோம். அட்டையின் இறுதிக்கு முந்திய கட்டத்தில் அவ்வீட்டின் சிறுமி தன் பெயரை எழுதித் தந்தாள்.

எங்களில் மூவரின் முன்விளக்குகள் அணைந்துவிட்டதால், அந்தக் காக்கா தமது வீட்டு டோர்ச் ஒன்றையும் தந்தனுப்பினார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்தனுப்பும்படி அவர் சொல்லியிருந்தார். நாங்கள் அப்படிச் செய்யப் போவதில்லை. பெருநாள் முடிந்து வரும் முதல் ஞாயிறு, புதிய மின்கலங்களோடு சைக்கிளிலேயே கொண்டுவருவோம். தம்பிலுவில் ஐயா, அன்று நாங்கள் உங்கள் முற்றத்துக்கும் வருகிறோம். அவசரமில்லாமல் வருகிறோம்.

நன்றியுடன்,
கல்லடியிலிருந்து புறப்பட்ட 11 பேர்