பூஜ்யம் எழுதும் மாதம்

ஸ்ரீவைகுண்டம்
ஆடி 6, செவ்வாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அங்கே மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

நேற்று போனில் பாதிப் பேச்சு காற்றிலேயே போய்விட்டது. ஆடிக்காற்று, என்ன செய்ய. தார்சா ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி. ஆனாலும் நீ கேட்டது காதில் விழுந்தது. பேரனுக்குக் கோடை முகாமில் ஒரு மழைமானி கொடுத்திருக்கிறார்கள், மழை பெய்த நாளை மட்டும் எழுதுகிறான், பெய்யாத நாளை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிறான், தாத்தாவிடம் கேட்டுச் சொல் என்கிறான் என்றாய். போனில் சொன்னால் ரெண்டு வரியில் முடிந்துபோகும். எனக்கு அது ரெண்டு வரி விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எட்டரைக்கு நோட்டில் பூஜ்யம் எழுதினேன். நேற்றும் பூஜ்யம். ஆனியும் ஆடியும் நமக்குப் பூஜ்யம் எழுதும் மாதங்கள்தானே. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலை உதறிவிட்டு, இங்கே வெறுங்கையோடு வந்து சேர்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைகிறது. மலைமேல் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளும் நனைகின்றன. நமக்கு, கொடியில் காயப்போட்ட வேட்டி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டுகிறது. ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. ஊரில் ஒரு துளி விழாமல் ஆற்றில் எப்படித் தண்ணீர் வரும் என்று உன் மாமனார் முதல் தடவை வந்தபோது கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டம் போட்டிருப்பதைக் காட்டினேன். முழுக் கொள்ளளவு 143 அடி என்று சொன்னதும்தான் நம்பினார்.

அம்மாவுக்கு என் நோட்டு இன்றும் கேலிதான். "மழைக்குக் கணக்கப்பிள்ள வேல பாக்காவ, சம்பளந்தான் வரக் காணோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

சரி, பேரன் கேள்விக்கு வருகிறேன். அவன் இருக்கிற ஊரை வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் நியூயார்க் போய்ச் சேர்ந்தது 2022 ஆவணியில். ஐப்பசியிலேயே எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கினாய். மாப்பிள்ளை பனி அள்ள ஒரு மண்வெட்டி வாங்கினார் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மண்வெட்டி சுவரில் சாய்ந்தே இருந்தது. சென்ட்ரல் பார்க்கில் பருவம் முழுவதும் சேர்த்து விழுந்தது 2.3 இஞ்சு. வழக்கமாக 30 இஞ்சு வரை விழுகிற இடம். 1869-லிருந்து அங்கே கணக்கு இருக்கிறது. அதில் இதைவிடக் குறைந்த குளிர்காலம் இல்லை. அளக்கும்படியாக முதல் பனி விழுந்ததே 2023 பிப்ரவரி 1-ஆம் தேதிதான். அவ்வளவு தாமதமும் அதற்கு முன் கிடையாது.

"பனியே இல்லப்பா" என்று நீ அப்போது சலித்துக்கொண்டாய். பனி இல்லாமல் இல்லை, தாயி. ஒரே நாளில் ஒரு இஞ்சு சேரவில்லை, அவ்வளவுதான். 2022 பிப்ரவரி 13-க்குப் பிறகு அப்படி ஒரு இஞ்சு சேர்ந்தது 2024 ஜனவரி 16-ஆம் தேதி. நடுவில் 701 நாள். அதற்கு முந்தைய நீளமான இடைவெளி 400 நாள், 1998-ல் முடிந்தது. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வறட்சியின் நீளம். இங்கேயும் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் வானிலைத் துறைக்கு அது 'மழை நாள்'. புழுதி அடங்குகிற மாதிரி நாலு தூறல் விழுந்தால் நம் தெருவில் அது மழை, கணக்கில் ஏறாது.

இப்போது பேரனிடம் கேள்: அந்த 701 எங்கிருந்து வந்தது? அங்கே ஒருவர் போய்ப் பார்த்து இல்லை என்று எழுதினார், மறுநாளும் போய்ப் பார்த்து இல்லை என்று எழுதினார். வெளியில் ஒரு வெள்ளைப் பலகை போட்டிருப்பார்கள், அதில் சேர்ந்ததை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நடுவில் ஒரு நாள் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால், அன்றைக்கு விழுந்ததா இல்லையா என்று யார் சொல்வது? வரிசை அங்கேயே அறுந்துபோகும். சுழி போட்டிருந்தால் நான் பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். கட்டம் வெறுமையாக இருந்தால் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். சிலி நாட்டில் அரிக்கா என்று ஒரு ஊர், 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை 173 மாதம் மழை இல்லை. அத்தனை மாதமும் அங்கே யாரோ காலி மழைமானியைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவர் வீட்டில் என்ன கேலி செய்தார்களோ!

ஃபீனிக்ஸில் இருக்கிற மாப்பிள்ளையின் தம்பி கதை வேறு. 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் விடாமல் 110 டிகிரி பாரன்ஹீட், அதற்கு மேலும். அதற்கு முன் 1974-ல் 18 நாள்தான். அந்த ஜூலையில் 16 நாள் தொடர்ந்து ராத்திரியில்கூட 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பகல் வெயிலுக்கு நிழல் இருக்கிறது, ராத்திரி வெக்கைக்கு எங்கே போவது? அடுத்த வருஷம் 113 நாள் தொடர்ந்து நூறுக்கு மேல். "அங்கிள், நாங்க சாதனை படைச்சிட்டோம்" என்று அந்தப் பிள்ளை மெசேஜ் அனுப்பினான். ஆஸ்திரேலியாவில் மார்பிள் பார் என்ற ஊரில் 1923, 24-லேயே 160 நாள் என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் பேச்சைக் காணோம்.

இந்த நூறு என்பதே பாரன்ஹீட்டின் விளையாட்டு. செல்சியஸில் அது 37.8, அதற்கு யார் கைதட்டுவார்கள்? நம் பத்திரிகைகளிலும் பாரேன், மற்ற நாளெல்லாம் செல்சியஸ், கத்திரி வந்துவிட்டால் மட்டும் பாரன்ஹீட். "பாளையங்கோட்டையில் வெயில் சதமடித்தது" என்று போட வேண்டுமே! எல்லாம் கிரிக்கெட் செய்த வேலை.

இதையெல்லாம் எழுதும்போது உன் ஐந்து பூஜ்யம் ஞாபகம் வந்தது. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ ஆறாம் வகுப்பு. ஐப்பசியில் எனக்கு மதுரையில் ஐந்து நாள் ட்ரெயினிங். புறவாசல் மழைமானியை உன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் ஐந்து சுழி, ஒரே மையில், ஒரே வீச்சில், ஒன்றுபோல. புனலைத் தூக்கினால் பாட்டிலில் ரெண்டு விரல் தண்ணீர் நிற்கிறது. அம்மாவைக் கேட்டேன். நடுவில் ஒரு ராத்திரி கொடித் துணி நனைகிறதே என்று எழுந்துபோய் எடுத்தாளாம். உன்னைக் கொஞ்சமா திட்டினேன்? பார்க்காமல் எழுதுவது பொய்க் கையெழுத்து மாதிரி என்றெல்லாம் பேசினேன். சிவப்பு மையில் அந்த ஐந்தையும் சுழித்தேன். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாய்.

2023 டிசம்பர் 17-ஐப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. மாட்டுப் பொங்கலன்று நீ போனில் "அப்பா, பனி பெய்யுது" என்று கத்தினாயே, அந்த 701 நாள் முடிந்த அன்று, நான் இங்கே ஒரு மாதம் கழித்தும் பீரோவுக்கு அடியில் சேறு வழித்துக்கொண்டிருந்தேன். நீ சந்தோஷமாக இருந்தாய், அந்த நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. அன்று மார்கழி 1, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மா போட்ட கோலம் பத்து நிமிஷம் நிற்கவில்லை. புயலா என்றால் அதுவும் இல்லை, பெயர்கூட வைக்கவில்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி. நகராமல் அங்கேயே நின்றுகொண்டு கடல் ஈரத்தை எல்லாம் நம் மேல் கொட்டியது.

என் மழைமானியின் பாட்டில் பத்து சென்டிமீட்டர்தான் பிடிக்கும். நிரம்ப நிரம்ப எடுத்து அளந்து, எழுதி, கொட்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நாலு தடவை குடை பிடித்துக்கொண்டு போனேன். நாலாவது தடவை குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐந்தாவது தடவை எழுந்தபோது கரண்ட் இல்லை, டார்ச் அடித்தால் தார்சாவில் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா "அந்தப் போத்தல விட்டுட்டு மருந்துப் பைய எடுங்க" என்றாள். எடுத்தேன். அடுத்த தெரு மாடி வீட்டில் பதினாறு பேரோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். எட்டரை மணிக்குக் கை பரபரத்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். புறவாசலே தெரியவில்லை, மழைமானியை எங்கே தேட? பாட்டில், புனல், நட்டுவைத்த கல் எல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது.

அப்புறம்தான் கணக்கு வந்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, நம் ஸ்ரீவைகுண்டம் 62. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் போனாலே அதிகனமழை என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கே சராசரி 65 செ.மீ. சுற்றுத்தான். 1992 நவம்பரில் காக்காச்சியில் 96.5 செ.மீ. பெய்தது, ஆனால் அது மஞ்சோலை மலை. காயல்பட்டினம் கடலோரச் சமவெளி. நான் நோட்டு ஆரம்பித்ததே அந்த 92 வெள்ளத்துக்கு அப்புறம்தான். 30 வருஷத்துக்கு மேலாகப் பூஜ்யமாக எழுதிக் காத்திருந்தவனுக்கு, வந்த அன்றைக்கு அளக்கக் கொடுத்துவைக்கவில்லை.

பழைய நோட்டுகள் நனைந்துவிட்டன. ஒன்றைப் பார்த்தேன்: மைப்பேனாவில் எழுதியது நீலக் கறையாகக் கரைந்துவிட்டது, பால்பாயிண்ட் மங்கலாக நிற்கிறது, பென்சில் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் பென்சிலில்தான் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் நோட்டைக் காயவைக்க உதவினான். டிசம்பர் 18-க்கு நேரே வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல 62ன்னு போட்டிருக்கே, அதையே எழுதிருங்க தாத்தா, யாருக்குத் தெரியப் போகு" என்றான். பென்சிலைக் கையில் எடுத்தும்விட்டேன், தாயி. அப்புறம் "நாலு பாட்டில் வரை அளந்தேன். அதற்கு மேல் அளக்கவில்லை" என்று எழுதி மூடினேன்.

அந்த நோட்டுகளை வெயிலில் புரட்டிப் போடும்போதுதான் உன் ஐந்து சுழி கண்ணில் பட்டது. நீ பால்பாயிண்டில் எழுதியிருந்தாய், இன்னும் தெரிகிறது. என் சிவப்பு மை ஓடிவிட்டது, லேசாக ரோஸ் கறைதான் மிச்சம். பக்கத்தில் பென்சிலில் "பாப்பா, வயது 11" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பார்சலில் கருப்பட்டியும் சுக்குப்பொடியும் வருகிறது. கருப்பட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். மழைமானி விஷயத்தில் பேரனுக்கு ரெண்டு சொல். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ சொட்டி அதில் விழக்கூடாது. குளிர்காலம் வந்தால் புனலையும் உள்குழாயையும் கழற்றிவிடச் சொல். இல்லாவிட்டால் பனி புனலிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். வெளிக்குழாயில் சேர்ந்த பனியை உருக்கித்தான் அளக்க வேண்டும். பத்து இஞ்சு பனி உருகினால் ஒரு இஞ்சு தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொடிப்பனியா, ஈரப்பனியா என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். எத்தனைக்கு எத்தனை வந்தது என்று எனக்கு எழுதச் சொல்.

இன்னொன்று. அவன் இதுவரை விட்டுப்போன நாட்களை இப்போது உட்கார்ந்து பூஜ்யம் போட்டு நிரப்பச் சொல்லாதே. அது அப்படியே வெறுமையாக இருக்கட்டும். நாளைக் காலையிலிருந்து போடட்டும்.

அன்புடன்,
அப்பா