டானிக்கை மூடி வை, முதலில் காரணத்தைத் தேடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தது, சம்பந்தி வீட்டு விருந்து எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ரத்தம் (ஹீமோகுளோபின்) 9 தான் இருக்கிறதாம், டானிக் குடிக்கிறாய், மருமகள் பீட்ரூட் சாறு பிழிந்து தருகிறாள். எனக்கு அந்த நாலு வரிதான் கடிதமே.

மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேலான உனக்கு ரத்தம் ஏன் குறைய வேண்டும்? இந்தக் கேள்வியை உன் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காய்ச்சலைப் போல ரத்தசோகையும் ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும்.

நான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹீமோகுளோபின் பார்க்க சாலி குழாய்தான். விரல் நுனியில் குத்தி, துளி ரத்தத்தை உறிஞ்சி அமிலத்தில் விட்டால் டிக்காஷன் நிறத்துக்கு மாறும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். ரத்தம் குறைந்தவர்களுக்கு நாலு சொட்டிலேயே வெளுத்துப்போகும். இப்போது இயந்திரம் ஒரு நிமிடத்தில் இருபது எண்களை அச்சடித்துத் தருகிறது. நம்மவர்களோ முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

உன் தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், பார். சிவப்பணுவின் அளவு அது. 80-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. பிறவியிலேயே வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் லேசான வடிவமாகவும் (தலசீமியா கூறு) இருக்கலாம். 100-க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின்கள் குறைவோ என்று சந்தேகிக்க வேண்டும். எனக்கு உன் விஷயத்தில் பி12 மீதுதான் கண். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாய்; அது பி12 உடலில் சேருவதைக் குறைக்கும். முட்டை, மீன் பக்கமே போகமாட்டாய். பாதம் மதமதப்பாக இருக்கிறது, காரம் பட்டால் நாக்கு எரிகிறது என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, அதையெல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டாய். டானிக்கைப் பற்றி நான் பயப்படுவதும் இதனால்தான். அநேகமாக எல்லா டானிக்கிலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது ரத்த அளவை ஏற்றிக் காட்டும்; பி12 இல்லாமல் நரம்பு கெடுவது மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

என் அண்ணன் கதையைக் கேள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானாகவே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, நாலடி நடந்தால் நெஞ்சு படபடக்கும். அண்ணி பேரீச்சம்பழமும் மாதுளையுமாக வாங்கிப் போட்டாள். மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்பதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு. இப்போது தேறிவிட்டார். நம் வயதில் ஆணுக்கோ பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைந்தால் குடல், இரைப்பை இரண்டையும் பார்த்தே ஆகவேண்டும்; புற்றுநோய்கூட இப்படித்தான் சத்தமில்லாமல் ரத்தத்தை வடிக்கும். சிறுநீரகம் பழுதானாலும் ரத்தம் ஊறுவது குறையும் என்பதால், சர்க்கரைக்காரியான நீ கிரியேட்டினினையும் பார்த்துவிடு.

பேத்தி ஊறாத அரிசியை மென்றுகொண்டே இருக்கிறாள், திட்டினாலும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். திட்டாதே. அரிசி தின்றால் ரத்தம் சுண்டிவிடும் என்பார்கள் நம் பக்கத்தில். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: இரும்புச் சத்துக் குறைந்ததால்தான் அந்த நமைச்சல் வருகிறது. சிலருக்குப் பல்பம், சாம்பல், ஐஸ் கட்டி. கீழ் இமையை இழுத்து உட்புறம் வெளிறியிருக்கிறதா பார், நகம் குழிந்திருக்கிறதா பார். மாதவிலக்கில் எத்தனை நாப்கின் மாற்றுகிறாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று அவள் அம்மாவை விட்டுக் கேள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனாலேயே களைப்பைப் பெண்களின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். பள்ளியில் தரும் நீல மாத்திரையையும் பூச்சி மாத்திரையையும் அவள் ஜன்னலுக்கு வெளியே எறியாமல் இருக்கிறாளா என்றும் விசாரி. நாம் எறியாததா!

பீட்ரூட்டில் நிறம்தான் சிவப்பு, இரும்பு சொற்பம். அசைவம் சாப்பிடும் வீடாயிருந்தால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் என்று சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டுக்குக் கீரையும் பயறும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு காப்பி வேண்டாம், இரும்பை உடலில் சேரவிடாது. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

டாக்டரிடம் போகும்போது டானிக் பாட்டிலையும் எடுத்துப்போ. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 இரண்டு சோதனைக்கும் எழுதித் தரச் சொல். முடிவு வந்ததும் எண்களை எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடு, கடிதத்துக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் பிரியமுள்ள தோழி