நீ தூக்கிப் போட்ட சக்கை

பிலடெல்பியா,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை நீயே இட்டுக்கட்டிக்கொள்கிறாய். போன வாரம் "பாப்பா பாலை விட்டுட்டா" என்று சொன்னேன். நீ "யாருல அந்தப் பாலா?" என்று கேட்டுப் பதறினாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சி நிறுத்தி வாசிக்கட்டும்.

பாலாவும் இல்லை, ஒருத்தனும் இல்லை. பசும்பால். உன் பேத்தி கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பால், தயிர், நெய், தேன்கூடக் கிடையாது. வீகன் என்கிறார்கள். பதினாலு வயதில் நான் சைக்கிள் கேட்டு அடம் பிடித்தேன், இவள் இப்படி. வீட்டுச் சாப்பாட்டில் பெரிய தொந்தரவு இல்லை. ரசம், வத்தக்குழம்பு, சுண்டல், சொதி என்று ஓடிவிடுகிறது. நம் ஊர்ச் சமையலில் பாதி அவளுக்காகவே பண்ணி வைத்த மாதிரி இருக்கிறது. தயிர்சாதம் மட்டும் தினமும் ஒரு சண்டை.

தொந்தரவு வந்தது சீஸ்ஸ்டேக்கில். அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஊரின் தெற்குப் பக்கம். செங்கல் வீடுகள், நம் தெரு மாதிரியே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். வாசலில் நாலு படி. வெயில் காலத்தில் எல்லாரும் அந்தப் படியில் உட்கார்ந்து வம்பு பேசுவார்கள், இப்போது அதில் பனி கிடக்கிறது. இங்கே இத்தாலியர்கள் நிறைய. அவர்களில் பாட் ஒலிவியேரி என்றொருவர் 9ஆம் தெருச் சந்தைப் பக்கம் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்தார். தினமும் அதையே தின்று சலித்துப்போய், 1930இல் ஒரு நாள் கசாப்புக் கடையிலிருந்து மாட்டுக்கறி வாங்கி, மெல்லிசாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி நீள ரொட்டிக்குள் வைத்தாராம். வாடை பிடித்து வந்த டாக்ஸிக்காரர் எனக்கும் ஒன்று கொடு என்று கேட்டாராம். அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. சீஸ் பிறகுதான் சேர்ந்தது. இன்றைக்கும் அந்த முக்கில் இரண்டு கடைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. எது நல்லது என்று கேட்டால் இங்கே குடும்பத்துக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும்.

ஆமாம், மாட்டுக்கறிதான். இத்தனை வருஷமாக "ரொட்டிக்குள் கறி வைத்துத் தருவார்கள்" என்று மட்டும் உனக்குச் சொல்லி வந்தேன். நீயும் என்ன கறி என்று கேட்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இந்த இடத்தைத் தங்கச்சி சத்தமாக வாசிக்க வேண்டாம்.

நான் வந்த புதிதில் ஆர்டர் கொடுக்கவே தெரியாமல் விழித்திருக்கிறேன். அங்கே வாக்கியமெல்லாம் பேசக் கூடாது. "விஸ் வித்" என்றால் டப்பாவில் வரும் ஆரஞ்சு நிறச் சீஸ் குழம்பு, வெங்காயத்தோடு. "வித்தவுட்" என்றால் வெங்காயம் இல்லாமல். நான் "வணக்கம், எனக்கு ஒரு..." என்று தொடங்கியபோதே பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பாப்பா இதைத் தின்றே வளர்ந்தவள். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி ஈகிள்ஸ் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பை நிறைய வாங்கி வருவார். இந்த சீசனின் முதல் ஆட்டத்தன்று இவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இறங்கி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கொள்கை இருந்தாலும் வாடை வாடைதானே. சரி, வீட்டிலேயே ஒன்று செய்து பார்ப்போம் என்று நான் இறங்கினேன்.

கறிக்குப் பதிலாக இவர்கள் வைப்பதற்கு ஒரு பெயர் உண்டு. சைத்தான்! பயப்படாதே, ஜப்பானிலிருந்து வந்த பெயர். பொருள் அதைவிடப் பழசு. சீனாவில் புத்த மடங்களில் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்களாம். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மாவுச்சத்து பாலாகக் கரைந்து போகும். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒரு உருண்டை நிற்கும். அதுதான் கறி.

மூன்றாவது கழுவலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா, இது நம் அல்வாவுக்குப் பால் எடுப்பது! தீபாவளிக்கு முந்தின வாரம் நீ சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பாயே. உரலில் ஒட்டிக்கொண்டு சவ்வாக இழுக்குமே ஒரு சக்கை, நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து உன்னிடம் அடி வாங்கினோமே. அதே சவ்வு. நீ பாலை வைத்துக்கொண்டு சக்கையைப் போட்டாய். இவர்கள் சக்கையை வைத்துக்கொண்டு பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள்.

முதல் தடவை மாவே கோட்டை விட்டது. கேக் மாவை வாங்கி வந்துவிட்டேன், அதில் சவ்வுச் சத்து குறைவு. கழுவக் கழுவ எல்லாமே கரைந்து, ஒரு கிலோவும் போச்சு. இரண்டாம் தடவை ரொட்டி மாவு. உருண்டை நன்றாக வந்தது, ஆனால் தளதளவென்று கொதிக்க விட்டேன். உப்பி, இட்லி மாதிரிப் பஞ்சாகிவிட்டது. உன் மருமகள் கடித்துப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கலாம் என்றாள்.

இப்போது கை பழகிவிட்டது. ஒரு கிலோ ரொட்டி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்கவிட்டு, ஆறேழு தண்ணீர் மாற்றிக் கழுவினால் ஏறக்குறைய 300 கிராம் நிற்கும். சோயா சாஸ், பூண்டு, மிளகு, காளான் போட்ட தண்ணீரில் அடுப்பைச் சிம்மில் வைத்து, கொதிக்காமல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஒரு ராத்திரி அந்தச் சாற்றிலேயே ஊறட்டும். மறுநாள் ஃப்ரீசரில் பாதி உறையவிட்டால் காகிதம் மாதிரிச் சீவலாம். கடைக்காரர்கள் மாட்டுக்கறியைச் சீவுவதும் இப்படித்தான்.

அப்புறம் தோசைக்கல். நீ கொடுத்தனுப்பியதே, அதேதான். வெங்காயம் பொன்னிறமானதும் சீவல்களைப் போட்டு, இரண்டு தோசைத் திருப்பியால் டங்கு டங்கென்று கொத்துவேன். கண்ணை மூடிக்கொண்டால் ஜங்ஷனில் ராத்திரி பத்து மணிக் கொத்துப் பரோட்டாக் கடை. சுவர் ஒட்டிய வீடு என்பதால் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தப் பக்கமிருந்து பதிலுக்குத் தட்டுவார்.

சீஸுக்கு முந்திரி. ஊறவைத்து, சிவப்புக் குடைமிளகாய், எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு நைசாக அரைத்து, சோளமாவு கரைத்து ஊற்றிக் கிளறினால் அந்த டப்பா நிறம் வந்துவிடும். அசல் சீஸை இப்படிப் போலி செய்வது கஷ்டம். டப்பாச் சீஸே பாதி போலி என்பதால் நமக்குச் சௌகரியம். ரொட்டி மட்டும் அன்று காலையில் சுட்டதாக இருக்க வேண்டும். பாலும் முட்டையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாப்பாவே கேட்டு வாங்கிவிடுவாள்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒன்று கொடுத்தேன். "இது ஸ்டேக் இல்லை" என்றார், முதல் வாயிலேயே. பேசாமல் முழுதும் தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் இறக்கு என்றார். எனக்கும் கறி ருசி என்று தோன்றவில்லை. மென்று முடிக்கிற அந்த இழுவை இருக்கிறதே, அது வந்துவிட்டது. பாப்பா இரண்டு தின்றாள். மாடிக்குப் போகவில்லை.

கழுவின பாலை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, சர்க்கரையைக் கருக்கி நிறம் கொடுத்து, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கிண்டினேன். கோழிக்கோட்டுக்காரர்கள் தேங்காய் எண்ணெயில்தானே கிண்டுகிறார்கள். ருசி பரவாயில்லை. ஆனால் உன் அல்வா மாதிரித் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகவில்லை, அடியில் கொஞ்சம் மாவாக நிற்கிறது. பால் ஒரு ராத்திரி புளித்தால் போதுமா, இரண்டு ராத்திரி வேண்டுமா? தண்ணீர் எத்தனை பங்கு? தங்கச்சியிடம் சொல்லி எழுதச் சொல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தச் சக்கையை நீ என்ன செய்வாய்? வாளியில் போட்டுத் தொழுவத்துக்கு எடுத்துப் போவது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எருமை அதைத் தின்றதா?

உன் அன்பு மகன்